பிறர் வாங்கித் தந்த விடுதலை

நெதர்லாந்தின் தென்கோடியில் மார்கிராட்டன் என்றொரு சிற்றூர். அதன் ஓரத்தில் அமெரிக்க ராணுவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 8,300 கல்லறைகள். உடல் கிடைக்காமல் போன 1,722 பேரின் பெயர்கள் தனிச் சுவர்களில். 1945-இல் தொடங்கிய வழக்கப்படி ஒவ்வொரு கல்லறையையும் யாராவது ஒருவர் தத்தெடுத்துக்கொள்கிறார். அவர் பூ வைக்கிறார், இறந்தவனின் குடும்பத்தோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்கிறார், வயதானபின் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறார். தத்தெடுக்கப்படாத கல்லறை ஒன்றுகூட இல்லை. இடம் கேட்டுக் காத்திருப்போருக்கு ஒரு பட்டியலே உண்டு.

எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் 2007 ஏப்ரலில் நடந்தது வேறு. நகரின் நடுவே நின்றிருந்த சோவியத் செஞ்சேனை வீரனின் வெண்கலச் சிலையை அரசு பெயர்த்தெடுத்து ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றியது. கலவரம் மூண்டது, ஒருவர் உயிரிழந்தார். அங்கு வாழும் ரஷ்ய மொழியினருக்கு அது நாஜிகளை விரட்டியவனின் சிலை. எஸ்தோனியர்களில் பெரும்பாலோருக்கோ அவன் 1944-இல் வந்துவிட்டுத் திரும்பிப் போகாதவன். கடைசி ரஷ்யத் துருப்புகள் அந்த நாட்டைவிட்டு வெளியேறியது 1994 ஆகஸ்ட் 31 அன்றுதான்.

இரண்டு இடத்திலும் வந்தவன் அந்நிய வீரன். இரண்டு இடத்திலும் எதிரி ஹிட்லரின் படை. ஓரிடத்தில் பேரப்பிள்ளைகள்வரை நன்றி நீள்கிறது; மற்றோரிடத்தில் சிலைக்கே இடமில்லை. அந்நிய வீரர்கள் ரத்தம் சிந்தி வாங்கித் தந்த விடுதலையை மக்கள் உண்மையிலேயே மதிக்கிறார்களா என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்து வைத்துத்தான் பதில் தேட வேண்டும்.

மதிக்க மாட்டார்கள் என்று சொன்னவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. பிரெஞ்சுப் புரட்சியின்போது, படை அனுப்பி ஐரோப்பா முழுவதற்கும் சுதந்திரம் வழங்கலாம் என்று பலர் துடித்தபோது, ஆயுதத்தோடு வரும் போதகரை எந்த மக்களும் விரும்புவதில்லை என்று 1792 ஜனவரியில் எச்சரித்தவர் ரொபஸ்பியர். ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இன்னும் கறாராக வாதிட்டார்: தன் விடுதலைக்காக உழைக்கவும் உயிரைப் பணயம் வைக்கவும் ஒரு மக்கள் கூட்டம் தயாராக இருப்பதுதான் அதன் தகுதிக்குச் சான்று, பிறர் கையால் கிடைத்த சுதந்திரம் நிலைக்காது. பாடுபடாமல் வந்த சொத்து கையில் தங்காது என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

வாதம் கம்பீரமானது. வரலாறு அதற்கு முழுதாகக் கட்டுப்படவில்லை. மில் காலத்துக்கு முன்பே அமெரிக்கா இருந்தது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தபோது, வாஷிங்டனின் படைக்குக் கிட்டத்தட்ட இணையான எண்ணிக்கையில் பிரெஞ்சு வீரர்களும் முற்றுகையில் நின்றார்கள். கடல் வழியை அடைத்து ஆங்கிலேயருக்கு உதவி வராமல் தடுத்தது பிரெஞ்சுக் கடற்படை. அந்நிய உதவி இல்லாமல் அந்த வெற்றி இல்லை. அதனால் அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திரத்தை மலிவாக நினைத்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. தங்களுக்காகப் போரிட்ட பிரெஞ்சுக்காரர் லஃபாயெத்தின் பெயரை ஊர் ஊராகச் சூட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சுப் படையும் வேலை முடிந்ததும் கப்பலேறிவிட்டது.

விடுதலையை மதிப்பதும், அதை வாங்கித் தந்தவனுக்குக் காலமெல்லாம் நன்றி பாடுவதும் ஒன்றாகவே வைத்துப் பேசப்படுகின்றன. இதுதான் குழப்பத்தின் வேர். கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் கொடுத்த நாட்டுக்காரர். எங்கள் பிள்ளைகள் செத்தார்களே, நினைவிருக்கிறதா என்பது அவர் மனத்தாங்கல். அது நியாயமான மனத்தாங்கல். ஆனால் பெற்றவர் பக்கம் போய் நின்று பார்த்தால் வேறு மூன்று கேள்விகள் எழுகின்றன. எங்கள் போராட்டத்துக்கு அந்த வெற்றியில் இடம் தந்தீர்களா? வேலை முடிந்ததும் சாவியை எங்களிடம் கொடுத்தீர்களா? எங்களை யார் ஆள்வது என்பதை யார் முடிவு செய்தார்கள்? நன்றி தழைத்ததும் கருகியதும் இந்த மூன்றையும் பொறுத்தே.

நெதர்லாந்தில் மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தது. 1944 இலையுதிர்காலத்தில் தெற்குப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுவிட்டது. வடக்கும் மேற்கும் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஜெர்மானியர் பிடியில் இருந்தன; மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மடிந்தனர். அந்தப் பசியிலிருந்து மீட்டவர்கள் பெரும்பாலும் கனடா நாட்டு வீரர்கள்; அந்த மண்ணில் 7,600-க்கும் மேற்பட்ட கனடியர்கள் உயிர்விட்டனர். மீட்டவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள், அரசி வில்ஹெல்மினா அரண்மனைக்குத் திரும்பினார், நாடாளுமன்றம் கூடியது. ஹோல்டன் கனடியக் கல்லறைத் தோட்டத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கனடியத் தலைநகர் ஆட்டவாவுக்கு ஆண்டுதோறும் துலிப் கிழங்குகள் போகின்றன. இந்த நன்றியில் பொய் இல்லை.

அதே நெதர்லாந்தின் அடுத்த நான்காண்டுகளைப் பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது. 1945 ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியா சுதந்திரம் அறிவித்தது. ஐந்தாண்டு அந்நிய ஆக்கிரமிப்பின் வலியை அப்போதுதான் அனுபவித்து முடித்திருந்த டச்சுக்காரர்கள், அந்தச் சுதந்திரத்தை நசுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கப்பலேற்றினார்கள். 1949 டிசம்பர் இறுதியில்தான் ஆட்சியைக் கைமாற்றினார்கள். அந்தப் போரில் தங்கள் ராணுவம் திட்டமிட்டுக் கொடூர வன்முறையைக் கையாண்டதற்குப் பிரதமர் மார்க் ருட்டே மன்னிப்புக் கேட்டது 2022-இல். ஒரு நாடு விடுதலையை மதிக்கிறதா என்று அளக்க அது பராமரிக்கும் கல்லறைகள் மட்டும் போதா. அடுத்தவன் அதே விடுதலையைக் கேட்டபோது அது என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரான்சின் கணக்கு இதைவிடக் கசப்பானது. 1945 மே 8, ஐரோப்பா வெற்றி கொண்டாடிய நாள். அன்றுதான் அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் விடுதலை கேட்டு நடந்த ஊர்வலம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஐரோப்பியக் குடியேறிகள் மீது தாக்குதல்கள் நடந்தன. தொடர்ந்த வாரங்களில் பிரெஞ்சுப் படையும் குடியேறிகளும் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்களைக் கொன்றனர். பிரான்சை மீட்ட படையிலேயே அல்ஜீரியர்கள் இருந்தார்கள் என்பதுதான் இதில் தாங்க முடியாத உண்மை. 1944 ஆகஸ்டில் ப்ரொவான்ஸ் கடற்கரையில் இறங்கிய பிரெஞ்சுப் படையில் பெருந்தொகையினர் வட, மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து திரட்டப்பட்டவர்கள். துலோனையும் மார்செய்யையும் மீட்டவர்கள் அவர்கள். குளிர்காலம் நெருங்கியதும் கறுப்பின வீரர்களைப் படைப்பிரிவுகளிலிருந்து விலக்கி வெள்ளையர்களை அமர்த்தினார்கள்.

செனகலின் தியாரோய் முகாமுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஆப்பிரிக்க வீரர்கள் தங்களுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சுப் படையே அவர்களைச் சுட்டது. இறந்தவர்கள் 35 பேர் என்பது அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு; உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது படுகொலைதான் என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் ஆனது. காலனி நாட்டு முன்னாள் வீரர்களின் ஓய்வூதியமும் பல்லாண்டுகள் பழைய தொகையிலேயே உறைந்து கிடந்தது. 2006-இல் ரஷீத் புஷாரெப் அவர்களைப் பற்றி ஒரு திரைப்படம் எடுத்தார். அதைப் பார்த்த ஜாக் ஷிராக் அரசு தொகையை உயர்த்தியது. பலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

நினைவில் யாருக்கு இடம் என்பதைப் பிரெஞ்சுத் தலைவர் டெகோல் முதல் நாளிலேயே தீர்மானித்துவிட்டார். 1944 ஆகஸ்ட் 25 மாலை பாரிஸ் நகர மண்டபத்தில் அவர் ஆற்றிய உரையில், பாரிஸ் தன்னைத் தானே விடுவித்துக்கொண்டது என்பதே மையம். நேச நாடுகளுக்குப் போகிற போக்கில் ஒரு குறிப்பு. முந்தைய இரவு நகருக்குள் முதலில் நுழைந்த படைப்பிரிவில் பெரும்பாலோர் ஃபிராங்கோவிடம் தோற்று நாடிழந்த ஸ்பானியக் குடியரசுவாதிகள் என்பதைப் பாரிஸ் நகரம் கல்வெட்டில் பொறிக்க அறுபதாண்டு பிடித்தது. டெகோலைக் குறை சொல்வது எளிது. ஆனால் நான்காண்டு அவமானத்தில் குனிந்து கிடந்த ஒரு மக்களுக்கு, நீங்களே எழுந்தீர்கள் என்று சொல்லவேண்டிய அவசியம் இருந்தது. பிறர் தூக்கிவிட்டார்கள் என்ற நினைவோடு மட்டும் ஒரு நாட்டால் நிமிர்ந்து நடக்க முடியாது. சிக்கல் அந்தச் சொல்லில் இல்லை. அந்தச் சொல்லுக்காக யாருடைய பெயர்கள் அழிக்கப்பட்டன என்பதில் இருக்கிறது.

இத்தாலிக்கு வந்த இந்திய வீரர்களின் நிலையும் இத்தகையதே. தாய்நாடு அடிமையாக இருக்க, பிறர் நாட்டை மீட்க வந்தவர்கள். சென்னை மாகாணச் சுரங்கப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1944-இல் மின்யானோ அருகே கண்ணிவெடி வெடிக்கப்போவதை உணர்ந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்தார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது. சாங்ரோ ஆற்றங்கரைப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவிடத்தில் அவர் பெயரும் இருக்கிறது. இத்தாலியின் விடுதலை பற்றி எழுதுபவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்? தமிழ்நாட்டுப் பாடநூல்களாவது சொல்ல வேண்டும்.

வெற்றியில் பங்கு மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கியூபாவைவிடத் தெளிவான சான்று இல்லை. 1895 முதல் ஸ்பெயினை எதிர்த்து அங்குள்ள மக்கள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். 1898-இல் அமெரிக்கா வந்தது. சில மாதங்களில் போர் முடிந்தது. சாந்தியாகோ நகரம் சரணடைந்தபோது, முற்றுகையில் துணைநின்ற கியூபத் தளபதி கலிக்ஸ்டோ கார்சியாவின் படையை நகருக்குள் வரக்கூடாது என்றார்கள். பிறகு 1901-இல் பிளாட் சட்டத் திருத்தம்: விரும்பும்போது தலையிடும் உரிமை அமெரிக்காவுக்கு. குவாந்தனாமோ தளம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஹவானாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘மெய்ன்’ நினைவுச்சின்னத்தின் உச்சியில் இருந்த அமெரிக்கக் கழுகை 1961-இல் இறக்கினார்கள். கியூபர்கள் நன்றி கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம்.

கம்போடியாவின் நிலை இன்னும் சிக்கலானது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம்பென்னில் நுழைந்திராவிட்டால், பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட போல் பாட் ஆட்சி இன்னும் எத்தனை பேரைக் கொன்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது. உயிர்தப்பிய பலர் அந்த நாளைத் தங்கள் மறுபிறவி நாளாகவே கருதுகிறார்கள். ஆனால் வியட்நாம் பத்தாண்டு தங்கியது. 1989 செப்டம்பரில்தான் வெளியேறியது. மேகாங் கழிமுகத்தைப் பழைய காலத்தில் வியட்நாமிடம் இழந்த காயம் கெமர் மக்களுக்கு ஏற்கெனவே இருந்தது. இன்றும் ஜனவரி 7 ஆளுங்கட்சிக்கு வெற்றி நாள். எதிர்த்தரப்பில் பலருக்கு அது ஆக்கிரமிப்பு தொடங்கிய நாள். உலகமும் வெட்கப்படும்படி நடந்துகொண்டது. ஐ.நா. சபையில் கம்போடியாவின் இருக்கை, மக்களைக் கொன்று குவித்த போல் பாட்டின் கெமர் ரூஜ் தரப்பிடமே விடப்பட்டது. புதிய அரசை 1980-இல் அங்கீகரித்த சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஈராக்கில் 2003 ஏப்ரல் 9 அன்று ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேனின் சிலை வீழ்ந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தச் சிலையைச் சம்மட்டியால் முதலில் அடித்தவர்களில் ஒருவர் கதீம் அல்-ஜபூரி என்ற பளுதூக்கும் வீரர். சதாம் ஆட்சியில் சிறைப்பட்டு உறவினர்களை இழந்தவர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, முடிந்தால் அந்தச் சிலையைத் திருப்பி நிறுத்துவேன் என்று மனம் நொந்து சொன்னார். இடையில் நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 2003 மே மாதமே ஈராக் ராணுவம் கலைக்கப்பட்டு லட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். அபு கிரைப் சிறைக் கொடுமைகள் வெளிவந்தன. உள்நாட்டுப் போர் மூண்டது. அதே ஈராக்கின் வடக்கே குர்து மக்களிடம் கேட்டால் பதில் மாறும். 1991 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் வானத்தைக் காத்தன. கீழே தங்கள் நாடாளுமன்றத்தைக் குர்துகளே 1992-இல் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அந்நியர் காவல் நின்றார்கள், ஆளவில்லை.

தங்கிவிட்ட படைகள் எல்லாமே வெறுக்கப்படுவதும் இல்லை. கொசோவோவில் 1999-இல் 78 நாள் நேட்டோ குண்டுவீச்சுக்குப் பிறகு வந்த படை இன்னும் அங்கே இருக்கிறது. பிரிஷ்டினாவில் பில் கிளிண்டனுக்குச் சிலை இருக்கிறது. டோனி பிளேர் பெயரை ஒரே சொல்லாக்கிப் பிள்ளைகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பயம் பக்கத்திலேயே இருப்பதால் காவல்காரன் பாரமாகத் தெரியவில்லை. கொசோவோவின் செர்பியர்களுக்கு அதே படை வேறாகத் தெரிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்கொரியா நன்றி, மனக்கசப்பு இரண்டையும் ஒருசேரச் சுமக்கிறது. பூசானில் ஐ.நா. வீரர்களின் கல்லறைகளைப் பேணுகிறார்கள். கொரியப் போரில் இந்திய மருத்துவப் பிரிவை வழிநடத்திய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜை 2020-இல் சிறப்பித்தார்கள். 2002-இல் இரண்டு பள்ளிச் சிறுமிகள் அமெரிக்கக் கவச வண்டியில் நசுங்கி இறந்து, ஓட்டியவர்கள் விடுவிக்கப்பட்டபோது அதே நாட்டில் மக்கள் மெழுகுவர்த்தியோடு தெருவில் திரண்டார்கள். நன்றியும் கோபமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1987 ஜூனில் இந்திய விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டபோதும், ஜூலை இறுதியில் இந்திய அமைதிப் படை வந்திறங்கியபோதும் மாலையோடு நின்றவர்கள் தமிழர்கள். அக்டோபரில் அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர். அக்டோபர் 21 அன்று யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டனர். இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. காக்க வந்ததாகச் சொன்னவன் துப்பாக்கியைத் திருப்பியபின் மாலை போட்ட கைக்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் படையை வரவழைத்த ஒப்பந்தத்தைத் தமிழர்களோடு செய்துகொள்ளவில்லை, கொழும்போடு செய்துகொண்டார்கள் என்பதிலேயே முறிவு தொடங்கிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு வங்கதேசத்துக்கு வரவேண்டும். இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சுகளும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 169 தேசிய அவை இடங்களில் 167-ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. ஆட்சி தரப்படவில்லை. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் கொலைவெறியாட்டம் தொடங்கியது. சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். இறந்தவர்கள் 30 லட்சம் என்கிறது வங்கதேசம். அதைவிடக் குறைவாக மதிப்பிடும் ஆய்வாளர்களும் லட்சக் கணக்கில்தான் பேசுகிறார்கள். வங்காளிகளின் விடுதலைப் படையான முக்தி வாகினி எட்டு மாதம் போரிட்டு எதிரியைக் களைப்படையச் செய்தது. டிசம்பர் 3 முதல் 13 நாள் நடந்த முழுப்போரில் இந்தியப் படை அதை முடித்து வைத்தது. மில் கேட்ட விலையை வங்காளிகள் தந்தார்கள். அந்நிய வீரரும் தந்தார்கள். மைக்கேல் வால்சர் போன்ற அரசியல் அறிஞர் நியாயமான தலையீட்டுக்கு எடுத்துக்காட்டாக இதைக் காட்டியது காரணமில்லாமல் இல்லை.

வெளியேற்றமும் மெச்சத்தக்கது. 1972 ஜனவரியில் சிறையிலிருந்து விடுபட்டு வந்த ஷேக் முஜிபுர் ரஹ்மான் இந்தியப் படை எப்போது திரும்பும் என்று இந்திரா காந்தியிடம் கேட்டார். மார்ச் 12 அன்று டாக்கா அரங்கில் விடைபெறும் அணிவகுப்பு நடந்தது. வென்ற படை மூன்றே மாதத்தில் தானாக வெளியேறியது இந்தியா பெருமைப்படவேண்டிய செயல்.

ஆனாலும் காயங்கள் உண்டு. டிசம்பர் 16 அன்று ரம்னா மைதானத்தில் பாகிஸ்தான் தளபதி நியாஜி சரண் ஆவணத்தில் கையெழுத்திட்டது இந்தியத் தளபதி ஜெனரல் அரோராவின் முன்னிலையில். முக்தி வாகினித் தலைமைத் தளபதி உஸ்மானி அங்கே இல்லை. வங்கதேசத் தரப்பில் ஏ.கே. கண்டேகர் இருந்தார். ஒன்பது மாதம் செத்தவர்கள் யார், மேசையில் அமர்ந்தவர்கள் யார் என்ற கேள்வி அன்றே விழுந்தது. 93,000 போர்க்கைதிகள் இந்தியாவின் பொறுப்புக்குப் போனார்கள். அவர்களில் 195 பேரைப் போர்க்குற்றவாளிகளாக விசாரிக்க டாக்கா விரும்பியது. 1974 முத்தரப்பு உடன்பாட்டோடு அதுவும் கைவிடப்பட்டது. 1975-இல் கங்கையின் குறுக்கே இந்தியா கட்டிய ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டு மௌலானா பாஷானி கங்கை நீருக்காக நெடும்பயணம் நடத்தினார். 2011-இல் எல்லை முள்வேலியில் சிக்கிச் சுடப்பட்டு இறந்த பதின்வயதுச் சிறுமியின் படம் வங்கதேசத்தில் ஒவ்வொரு வீட்டையும் உலுக்கியது. இந்தியாவில் பலர் 1971-ஐ இந்தியா–பாகிஸ்தான் போர் என்றே அழைப்பதும் அவர்களைப் புண்படுத்துகிறது. அந்தச் சொல்லில் முக்தி வாகினிக்கு இடமே இல்லை.

நன்றி இல்லாமல் போகவில்லை. 2011-இல் இந்திரா காந்திக்கு மறைவுக்குப் பின் விடுதலை விருது வழங்கினார்கள். 2017-இல் முஜிபின் மகளும் அன்றைய பிரதமருமான ஷேக் ஹசீனா டெல்லிக்கு வந்து, இறந்த இந்திய வீரர்களின் குடும்பங்களைக் கௌரவித்தார். ஆனால் அந்த நன்றி ஒரு கட்சியின், ஒரு குடும்பத்தின் உடைமையாகத் தோன்றத் தொடங்கியபோது கேடு வந்தது. ஹசீனாவின் கெடுபிடி ஆட்சிக்கு டெல்லி துணை நிற்கிறது என்ற எண்ணம் இளைஞர்களிடம் வேரூன்றியது. 2024 ஆகஸ்ட் 5 அன்று அவர் தப்பியோட, கும்பல்கள் முஜிபின் சிலைகளை உடைத்தன. முஜிப்நகர் நினைவு வளாகத்தின் சிற்பங்களும் தப்பவில்லை. இந்தியாவில் பலர் இதைக் கண்டு வெகுண்டார்கள். அந்தச் சிற்பங்களை உடைத்தது பெருந்தவறு. அவை எந்தக் கட்சிக்கும் சொந்தமானவை அல்ல. ஆனால் அதைக் காட்டி வங்கதேசத்தவருக்கு விடுதலையின் அருமை தெரியவில்லை என்று முடிவு கட்டுவது பிழை. அந்த ஜூலை, ஆகஸ்டில் கெடுபிடி ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிக் குண்டுக்குப் பலியானவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

அவ்வாண்டு டிசம்பரில் இரு அரசுகளுக்கும் இடையிலான உறவு கசந்து கிடந்தது. வெற்றி நாளன்று இந்தியப் பிரதமர் வெளியிட்ட குறிப்பில் வங்கதேசத்தின் பெயர் இல்லை என்று டாக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. அந்த வாரத்திலும், ஆண்டுதோறும் நடப்பதுபோல, முக்தி வாகினி முதியவர்கள் சிலர் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். 1971-இல் அங்கே போரிட்ட இந்திய முன்னாள் வீரர்கள் சிலர் டாக்காவுக்குப் போனார்கள்.